சேர்ந்து நின்றாலே மீறல்: தெருக் கும்பல்கள் மீதான சிவில் தடையாணை, புதியவர்களுக்காக

"கலிபோர்னியாவில் ரவுடிகள் ரெண்டு பேர் தெருவில் சேர்ந்து நின்றாலே பிடித்து உள்ளே போட்டுவிடலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. அது அந்த ஊர்க் குண்டர் சட்டம் என்பார் ஒருவர். இல்லை, 144 மாதிரி என்பார் இன்னொருவர். இரண்டுமே இல்லை.

தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டம் ஆளையே பிடித்து, விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை சிறையில் வைக்கிறது. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ அதற்கு ஆணை போடுகிறார். 144 தடை உத்தரவு (2024 முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு) ஒரு பகுதியில் இருக்கும் எல்லோருக்கும் பொது, சில காலத்தில் தானாகக் காலாவதியாகும். கலிபோர்னியாவில் நடப்பது சிவில் வழக்கு. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, நீதிபதி தீர்ப்பும் உண்டு. யாரையும் உடனே சிறைக்கு அனுப்பாது. ஆனால் அந்தத் தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து, மற்றவர்களுக்குச் சாதாரணமான சில காரியங்கள் அந்த ஆளுக்கு மட்டும் குற்றமாகிவிடும். பெயர் 'கும்பல் தடையாணை'. இது சட்டப்படி செல்லுமா, குற்றத்தைக் குறைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம்.

வேலித் தகராறிலிருந்து தொடங்குவோம்

பக்கத்து மனைக்காரர் உங்கள் இடத்தில் நாலடி உள்ளே தள்ளி வேலி போட வருகிறார். நீங்கள் முன்சீப் கோர்ட்டுக்குப் போய் ஒரு 'இன்ஜங்ஷன்' கேட்கிறீர்கள். பத்திரத் தமிழில் அது உறுத்துக் கட்டளை. இங்கே தடையாணை என்றே சொல்வோம். ஒருவர் இனிமேல் இன்னதைச் செய்யக் கூடாது என்று சிவில் நீதிமன்றம் இடும் கட்டளை அது.

இந்தச் சின்ன வழக்கிலேயே விஷயம் முழுவதும் இருக்கிறது. நேற்று அவர் வேலி போட்டதற்கு யாரும் அவரைத் தண்டிக்கவில்லை. நாளை போடாதே என்பதுதான் உத்தரவு. அது அவரை மட்டும்தான் கட்டும், தெருவில் போகிறவரைக் கட்டாது. மீறினால் அதன்பின் அவருக்கு எதிரில் நிற்பது நீங்கள் அல்ல, நீதிமன்றமே. அதற்குப் பெயர் நீதிமன்ற அவமதிப்பு.

அடுத்து 'தொல்லை' என்ற சொல். எதிர்வீட்டுச் சாக்கடை உங்கள் வாசலில் மட்டும் வழிந்தால் அது தனியார் தொல்லை, நீங்களே வழக்குப் போட வேண்டியதுதான். ஒரு தோல் பதனிடும் ஆலையின் கழிவு தெரு முழுக்க ஓடி, குடிதண்ணீரும் காற்றும் கெட்டால் அது பொதுத் தொல்லை. ஒரே நேரத்தில் ஒரு பகுதி மக்களையோ கணிசமான எண்ணிக்கையில் உள்ளவர்களையோ பாதிக்கும் இடைஞ்சல் என்று கலிபோர்னியா சிவில் சட்டத்தின் 3480ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது. இதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் கோர்ட் ஏற வேண்டியதில்லை. மக்கள் சார்பில் நகர வழக்கறிஞரோ கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) அரசு வழக்கறிஞரோ வழக்குத் தொடரலாம்.

ஆலைக்குப் பதிலாக ஒரு தெருக் கும்பலை வைத்துப் பாருங்கள். சந்து முனையில் கஞ்சா விற்கிறார்கள், சுவரெங்கும் தங்கள் குறியைக் கிறுக்குகிறார்கள், எதிரிக் கும்பலின் கார் வந்தால் சுடுகிறார்கள், பார்த்தவர்களை வாய் திறக்காதே என்று மிரட்டுகிறார்கள். தனித்தனிக் குற்றமாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் சாட்சி வேண்டும், சாட்சி சொல்ல ஆள் வராது. அந்தக் கும்பல் அங்கே கூடுவதையே ஒரு பொதுத் தொல்லையாகக் காட்டி, 'இந்த எல்லைக்குள் நீங்கள் சேரவே கூடாது' என்று சிவில் நீதிமன்றத்தில் கேட்டால் என்ன? கும்பல் தடையாணை பிறந்தது இந்த யோசனையில்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: தடையாணை தண்டனை அல்ல, வரும் நாளுக்கான கட்டளை. பொதுத் தொல்லை என்ற பழைய சட்டத்தைக் கும்பலுக்குப் பொருத்தினார்கள். மீறினால்தான் குற்றம்.

லாஸ் ஏஞ்சலஸும் சான் ஹோசேயும்

1987இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர வழக்கறிஞராக இருந்தவர் ஜேம்ஸ் ஹான், பின்னாளில் அந்நகரின் மேயரானவர். அவர் 'ப்ளேபாய் கேங்ஸ்டர் கிரிப்ஸ்' என்ற கும்பல் மீது இப்படி ஒரு வழக்குப் போட்டார். நகரம் கேட்ட இருபதுக்கும் மேற்பட்ட நிபந்தனைகளில், ஏற்கெனவே சட்டப்படி குற்றமாக இருந்த ஒருசிலவற்றுக்கு மட்டுமே நீதிபதி இசைந்தார். சேர்ந்து நிற்கக் கூடாது என்பது கிடைக்கவில்லை. வழி மட்டும் திறந்துகொண்டது. 1993இல் அதே நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் பிளைத் ஸ்ட்ரீட் கும்பலுக்கு எதிராக விரிவான ஆணை கிடைத்தது.

சட்டம் நிலைபெற்ற வழக்கு சான் ஹோசே நகரத்தின் ராக்ஸ்பிரிங்ஸ் பகுதியிலிருந்து வந்தது. மொத்தமே நாலு பிளாக் (நாலு பக்கமும் தெரு சூழ்ந்த வீட்டுத் தொகுதி) அளவுள்ள குடியிருப்பு. கும்பல்காரர்கள் அங்கே குடியிருக்கவில்லை, வெளியிலிருந்து வந்து கூடினார்கள். வண்டி நிறுத்தும் இடங்களைக் கழிப்பறையாக்கினார்கள். போலீஸ் துரத்தினால் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து ஓடினார்கள். இதையெல்லாம் சொல்லி 48 உறுதிமொழிப் பத்திரங்களை நகரம் தாக்கல் செய்தது. 38 பேர் பிரதிவாதிகள், எல்லோரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவர்கள்.

கீழ் நீதிமன்றம் 24 பத்திகளில் ஆணையிட்டது. மேல்முறையீட்டில் 15 பத்திகள் அடிபட்டன. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நகரம் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஒன்று, பொதுப் பார்வையில் சக கும்பல்காரரோடு நிற்கவோ உட்காரவோ நடக்கவோ வண்டியில் போகவோ கூடாது என்பது. மற்றது, அந்தப் பகுதிவாசிகளை மிரட்டவோ தொந்தரவு செய்யவோ கூடாது என்பது. 1997 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை இரண்டையும் ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜானிஸ் ரோஜர்ஸ் பிரவுன். நீதிபதி ஸ்டான்லி மாஸ்க் கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். சட்ட வட்டாரத்தில் இதை 'அகுன்யா வழக்கு' என்பார்கள்.

ஆணைத் தாளில் என்ன இருக்கும்

முதலில் ஒரு வரைபடம். எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை என்று கோடு போட்டு, அதற்குப் 'பாதுகாப்பு வலயம்' என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆணையின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குள்தான் செல்லும். ராக்ஸ்பிரிங்ஸில் நாலு பிளாக் இருந்தது. தெற்கே ஆக்ஸ்நார்டு நகரில் 'கொலோனியா சிக்கேஸ்' கும்பலுக்கு எதிரான வலயம் 6.6 சதுர மைல்.

அடுத்து நிபந்தனைகள். துப்பாக்கி வைத்திருக்காதே, போதைப்பொருள் விற்காதே என்பவை எப்படியும் குற்றங்கள்தான். பொது இடத்தில் மது, சுவர்க் கிறுக்கலுக்கான பெயின்ட் டப்பாவும் மார்க்கர் பேனாவும், போலீஸ் வருகிறது என்று விசில் கொடுப்பது, அனுமதியில்லாமல் அடுத்தவர் மனையில் நிற்பது என்று பட்டியல் நீளும். இவற்றுக்கெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு வரிதான் முழு ஆணையின் உயிர்: வலயத்துக்குள், பொதுப் பார்வையில், தெரிந்த கும்பல்காரர் எவரோடும் சேர்ந்து இருக்காதே. பள்ளிக்கூட வகுப்பறைக்கும் தேவாலயத்துக்கும் பொதுவாக விலக்கு உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே கும்பல் என்று குறிக்கப்பட்டிருந்தால், ஒரே வீட்டில் தூங்கலாம். வாசலில் சேர்ந்து நின்று பேருந்துக்குக் காத்திருந்தால் மீறல்.

போலீசுக்கு இந்த வரி ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்பதும் இதிலேயே தெரிகிறது. போதைப்பொருள் விற்றதை நிரூபிக்கக் கண்காணிப்பு வேண்டும், சோதனை வேண்டும், ஆய்வுக்கூட அறிக்கை வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து நின்றதை நிரூபிக்க ஒரு காவலரின் கண் போதும். ஊரார் யாரும் கூண்டேற வேண்டியதில்லை.

மீறலுக்கு என்ன ஆகும்? வேண்டுமென்றே நீதிமன்ற ஆணையை மீறுவது கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி சிறு குற்றம். அதிகபட்சம் 6 மாதம் கவுண்டிச் சிறை, 1,000 டாலர் அபராதம்.

வழக்கு நடக்கும் விதம், சறுக்கும் இடங்கள்

முதல் வேலை போலீசுடையது. ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, கைதுப் பதிவுகள், சுவர்க் கிறுக்கல் படங்கள், 'கள விசாரணை அட்டைகள்' ஆகியவற்றைத் திரட்டுவார்கள். தெருவில் நிறுத்திப் பேசியபோது காவலர் குறித்துக்கொண்ட சிறு குறிப்புதான் இந்த அட்டை: எங்கே, எப்போது, யாரோடு, என்ன பச்சை குத்தியிருந்தான், தன்னைக் கும்பல்காரன் என்று ஒப்புக்கொண்டானா. பகுதிவாசிகளின் வாக்குமூலங்களையும் வாங்குவார்கள். பயம் காரணமாகப் பெயர் மறைக்கப்படுவதும் உண்டு.

பிறகு நகர வழக்கறிஞர் கவுண்டியின் உயர்நிலை நீதிமன்றத்தில், சிவில் பிரிவில், மனுத் தாக்கல் செய்வார். பிரதிவாதிக்குத் தாள் கொடுக்கப்படும். முதலில் இடைக்கால ஆணை, பின்னர் நிரந்தர ஆணை. ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான். நிரூபிக்கும் அளவு என்ன என்பதை ஓஷன்சைடு நகர வழக்கு ஒன்றில் 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: 'தெளிவான, நம்பத்தகுந்த சான்று' வேண்டும். குற்ற வழக்கின் 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற அளவுக்குக் கீழே, சாதாரண சிவில் வழக்கின் 'எது அதிகம் நம்பும்படி இருக்கிறது' என்பதற்கு மேலே.

காகிதத்தில் இது நியாயமாகவே தெரியும். நடைமுறையில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சிவில் வழக்கு என்பதால் அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடைக்க மாட்டார். பதினெட்டு வயதுப் பையன், கையில் நூற்றுக்கணக்கான பக்கம் உள்ள கட்டு, பதில் மனுத் தாக்கல் செய்யக் கெடு. பெரும்பாலானவர்கள் வருவதே இல்லை. வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. நம் ஊர்க் கோர்ட் பேச்சில் 'எக்ஸ்பார்ட்டி'. அப்புறம் ஆணையை மீறிக் கைதானால், அப்போது அது குற்ற வழக்கு, இலவச வழக்கறிஞர் உண்டு. ஆனால் அந்த வழக்கில் கேள்வி 'நீ கும்பல்காரனா' என்பதைவிட 'ஆணை இருந்ததா, தெரியுமா, மீறினாயா' என்பதுதான். வழக்கறிஞர் உண்மையில் தேவைப்பட்ட கட்டம் முதலாவது, கிடைப்பது கடைசிக் கட்டத்தில்.

சுருக்கமாக: போலீஸ் சான்று திரட்டுகிறது, நகர வழக்கறிஞர் வழக்குப் போடுகிறார், எதிர்த்தரப்பு பெரும்பாலும் வருவதில்லை, நீதிபதி ஆணையிடுகிறார். நிபந்தனைகளைவிட, அவை யாருடைய தலையில் விழுகின்றன என்பதுதான் பெரிய சிக்கல்.

பெயர் இல்லாத பிரதிவாதிகள்

புதுப்படம் வெளியாகும்போது திருட்டுப் பிரதியைத் தடுக்க, பெயர் தெரியாத நபர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் 'ஜான் டோ' உத்தரவு வாங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இந்திய வழக்கில் அந்த ஆசாமிக்கு 'அசோக் குமார்' என்றும் பெயர் வைப்பார்கள். கும்பல் தடையாணையிலும் இதே உத்திதான். ராக்ஸ்பிரிங்ஸ் வழக்குப்போல் ஆளை ஆளாகப் பெயர் சொல்லாமல், 'கும்பல்' என்ற அமைப்பையே பிரதிவாதியாக்கி, கூடவே 'டோ 1 முதல்' சில நூறு வரை என்று காலி இடங்களையும் சேர்த்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பெரிய அளவில் பின்பற்றியது இந்த வழியைத்தான். சான் பிரான்சிஸ்கோ, 2006 முதல் தான் வாங்கிய ஆணைகளில் ஆட்களைப் பெயரோடு குறிப்பிட்டது.

கும்பலுக்கு அலுவலகம் கிடையாது, செயலாளர் கிடையாது. அதன் சார்பில் யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். இரண்டு வருஷம் கழித்து ஒரு காவலர் தெருவில் ஒருவரை நிறுத்தி, 'நீயும் இந்தக் கும்பல்தான்' என்று ஆணையின் பிரதியைக் கையில் கொடுப்பார். அந்த நொடியிலிருந்து அவர் கட்டுப்பட்டவர். அவர் கும்பல்காரர்தானா என்று எந்த நீதிபதியும் பார்த்திருக்க மாட்டார். பார்த்தது காவலர், ஆதாரம் அந்தக் கள விசாரணை அட்டை.

இந்த ஆதாரம் எவ்வளவு திடமானது? தடையாணைப் பட்டியலும் 'கால்கேங்' என்ற மாநிலத் தரவுத்தளமும் வேறு வேறு, ஆனால் இரண்டுக்கும் தீனி ஒரே வகைக் குறிப்புகள்தான். 2016இல் கலிபோர்னியா மாநிலத் தணிக்கையாளர் கால்கேங்கைச் சோதித்தபோது, பதிவான நேரத்தில் ஒரு வயதுகூட ஆகாத 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்களே கும்பல்காரர்கள் என்று 'ஒப்புக்கொண்டதாக'ப் பதிவு. தட்டச்சுப் பிழை என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பிழையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

சட்டப்படி செல்லுமா?

'செல்லும்' என்றும் 'செல்லாது' என்றும் இரு தரப்பும் அடித்துச் சொல்வார்கள். எந்தப் பகுதி என்று கேட்டால்தான் பதில் வரும்.

கும்பலைப் பொதுத் தொல்லையாகக் கருதி, சேர்ந்து நிற்பதைத் தடுப்பது செல்லும். அகுன்யா வழக்கில் அது முடிந்த விஷயம். கூடும் உரிமை அரசியல் சாசன உரிமையாயிற்றே என்றால், குடும்பம் போன்ற நெருங்கிய உறவும், கருத்துச் சொல்வதற்காகச் சேரும் அமைப்பும்தான் அந்தப் பாதுகாப்புக்குள் வரும், ராக்ஸ்பிரிங்ஸில் கூடியது இரண்டிலும் சேராது என்றது நீதிமன்றம். எதிரே நிற்பவர் கும்பல்காரர் என்பது பிரதிவாதிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது. தெரியாமல் யார் பக்கத்திலோ நின்றால் மீறல் ஆகாது.

இதே வேலையை நகராட்சி விதியாகப் போட்டால் நிற்காது. சிகாகோ நகரம் 1992இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. கும்பல்காரர் எனத் தோன்றும் ஒருவர் யாரோடாவது 'வெளிப்படையான நோக்கமில்லாமல்' ஓரிடத்தில் நின்றால், எல்லோரையும் கலையச் சொல்லலாம், கலையாவிட்டால் கைது. மூன்று ஆண்டுகளில் 89,000க்கும் மேற்பட்ட கலைப்பு உத்தரவுகள், 42,000க்கும் மேற்பட்ட கைதுகள். 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எது நோக்கம், எது நோக்கமில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுக்கக் காவலர் கையில் போய்விட்டது என்பது காரணம். தடையாணைக்காரர்கள் இதற்குச் சொல்லும் பதில்: எங்களுடையது ஊருக்கே போட்ட விதி அல்ல, நீதிபதி பார்த்து, குறிப்பிட்ட ஆட்களுக்கு இட்ட கட்டளை. நல்ல பதில்தான். 'டோ' பட்டியல் வந்ததும் அந்தப் பதிலின் கால் உடைந்துபோகிறது.

அடிபட்ட பகுதிகளைப் பார்த்தாலே இது விளங்கும். மேற்கு சாக்ரமென்டோவில் 'பிராடரிக் பாய்ஸ்' வழக்கில் ஒரே ஒரு ஆளிடம் தாள் கொடுத்துவிட்டு முழுக் கும்பலுக்கும் ஆணை வாங்கினார்கள். 2007இல் மேல்முறையீட்டில் அது செல்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஆக்ஸ்நார்டு வழக்கில் ஆணை நின்றது, இரவு 10 மணிக்கு மேல் 'வெளியே' இருக்கக் கூடாது என்ற பத்தி மட்டும் விழுந்தது. வெளியே என்றால் வீட்டுத் திண்ணையா, தெருவா, திரையரங்கா என்று படித்தால் புரியவில்லை என்றது நீதிமன்றம். அதே மாதிரி ஊரடங்குப் பத்தியை லாஸ் ஏஞ்சலஸ் தொடர்ந்து பயன்படுத்தியதற்கு, 2016இல் சமரசமாக வேலைப் பயிற்சிக்கும் உடலில் குத்திய பச்சையை அழிப்பதற்கும் 3 கோடி டாலர் வரை செலவிட ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது.

எல்லாவற்றிலும் தெளிவான பாடம் ஆரஞ்சு கவுண்டியில் நடந்தது. 2009இல் அந்தக் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் 'ஆரஞ்சு வாரியோ சைப்ரஸ்' கும்பலோடு 115 பேரைப் பெயர் சொல்லி வழக்கில் சேர்த்தார். அவர்களில் பலர் எதிர்பாராத விதமாகக் கோர்ட்டுக்கு வந்து, 'நான் கும்பல்காரன் இல்லை' என்று வாதாடத் தயாரானார்கள். உடனே அவர்களை வழக்கிலிருந்து விடுவித்துவிட்டார். வராத கும்பலுக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கினார். பிறகு, விடுவிக்கப்பட்ட அதே ஆட்களிடம் அதே ஆணையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்! 2013இல் ஒன்பதாவது வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சேர்ந்து இருப்பது, நடமாடுவது போன்ற பெரிய சுதந்திரங்கள் பறிபோகும்போது, ஒருவர் கும்பல்காரரா இல்லையா என்று தீர்மானிப்பதில் தவறு நேர வாய்ப்பும் அதிகமாக இருக்கும்போது, பறிப்பதற்கு முன்பே அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது.

பொதுத் தொல்லையைச் சாக்காக வைத்து ஆட்களைக் கட்டிப்போடுவது அமெரிக்காவுக்குப் புதிதும் அல்ல. 1894இல் புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தை முறிக்க அரசு வாங்கியதும் தடையாணைதான். மீறியதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸ் 6 மாதம் சிறை சென்றார், உச்ச நீதிமன்றம் 1895இல் அதைச் சரியென்றது. 1932இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டுத்தான் தொழிலாளர் தகராறுகளில் அந்த ஆயுதத்தை முடக்கியது. கும்பல்களுக்காகப் பேச அப்படி ஒரு சங்கம் கிடையாது.

இந்தப் பகுதியின் சாரம்: கருவி செல்லும். தெளிவில்லாத பத்தி செல்லாது. ஆளை விசாரிக்காமல் பட்டியலில் சேர்ப்பது செல்லாது.

குற்றம் குறைகிறதா?

ஓரளவு குறைகிறது. ஆனால் எண்ணைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும்.

காய்ச்சல் 104 டிகிரியில் இருக்கும்போது எந்தக் கஷாயம் கொடுத்தாலும் மறுநாள் குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தடையாணையும் ஒரு பகுதியில் வன்முறை உச்சத்தில் இருக்கும்போதுதான் கேட்கப்படுகிறது. மேலும், லாஸ் ஏஞ்சலஸில் 1992இல் ஆயிரத்துக்கும் மேல் இருந்த கொலைகள் அந்தப் பத்தாண்டின் கடைசியில் பாதிக்கும் கீழே இறங்கின. தடையாணை இல்லாத தெருக்களிலும்தான் இறங்கின. ஆகவே 'ஆணைக்கு முன் இத்தனை, பின் இத்தனை' என்று நகர வழக்கறிஞர் அலுவலகம் கொடுக்கும் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. அதே போன்ற, ஆணை இல்லாத வேறொரு பகுதியோடு ஒப்பிட்டால்தான் மருந்தின் வேலை எது, காய்ச்சல் தானாக இறங்கியது எது என்று பிரிக்க முடியும்.

பொருளியல் ஆய்வாளர் ஜெஃப்ரி கிராகர் 2002இல் வெளியிட்ட ஆய்வில் அப்படித்தான் செய்தார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1993 முதல் 1998 வரை வந்த 14 தடையாணைகளை எடுத்துக்கொண்டார். முதல் ஆண்டில் வன்முறைக் குற்றம் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தது, குறைந்ததில் பெரும்பகுதி தாக்குதல் வழக்குகள். பக்கத்துப் பகுதிகளுக்குக் குற்றம் இடம்பெயர்ந்ததற்கு அவர் தடயம் காணவில்லை. பிளைத் ஸ்ட்ரீட்டைப் பற்றி 1997இல் குடிமை உரிமை அமைப்பான ஏசிஎல்யூ வெளியிட்ட அறிக்கை நேர்மாறாக, ஆணைக்குப் பின் சுற்றுப்புறத்தில் வன்முறை கூடியது என்றது. ஒரே ஆணையை எடுத்துப் பார்ப்பதற்கும் பதினான்கை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

2019இல் கிராகர் உள்ளிட்ட நால்வர், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 46 தடையாணைகளை 1988 முதல் 2014 வரையிலான தரவுகளோடு ஆராய்ந்தார்கள். மொத்தக் குற்றம் குறுகிய காலத்தில் சுமார் 5 விழுக்காடும், நீண்ட காலத்தில் 18 விழுக்காடு வரையும் குறைந்ததாக மதிப்பிட்டார்கள். தாக்குதல்களில் குறைவு இன்னும் அதிகம்.

எண்ணில் வராத பகுதியைத் தொட்டது சான் பெர்னார்டினோவின் வெர்டுகோ ஃபிளாட்ஸ் பகுதியில் நடந்த ஆய்வு, வெளிவந்தது 2005இல். ஷெரில் மாக்ஸன் குழுவினர் ஆணைக்கு முன்னும் பின்னும் பகுதிவாசிகளிடமே கேட்டார்கள். கும்பல் கண்ணில் படுவது குறைந்திருந்தது, அவர்களை எதிர்கொள்ளும் பயமும் கொஞ்சம் குறைந்திருந்தது. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் நம்புவது, போலீசை நம்புவது ஆகியவற்றில் அந்தக் குறுகிய காலத்துக்குள் மாற்றம் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இது: தடையாணை வன்முறையின் மேல்மட்டத்தைக் கொஞ்சம் சீவுகிறது, வேரைத் தொடுவதில்லை. 5 விழுக்காடு சின்ன எண் அல்ல, குண்டடி படாமல் தப்பிய ஒருவருக்கு அது முழு நூறு. ஆனால் அந்தக் குறைவு கிடைக்க ஆயிரக்கணக்கானவர்களைப் பட்டியலில் ஏற்றியிருக்க வேண்டுமா, உண்மையிலேயே சுடக்கூடிய இருபது முப்பது பேர் போதாதா என்ற கேள்விக்கு இந்த ஆய்வுகளில் விடை இல்லை. அவை ஆணைகளை எண்ணின, பட்டியலின் தரத்தை அளக்கவில்லை.

பட்டியல் சரிந்த கதை

அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் வேறு வழியில் விடை வாங்கியது. 2016இல் லாஸ் ஏஞ்சலஸ் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. வாதிகளின் குறை ஒரே வரியில் அடங்கும்: எங்களை யாரும் கேட்கவே இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நகரம் தன் பட்டியலைத் தணிக்கை செய்து, 2017இல் ஏறத்தாழ 7,300 பேரை விடுவித்தது. பட்டியலின் பெரும்பகுதி அதோடு காலியானது. மீதம் இருந்தவர்கள் சுமார் 1,450 பேர். 2018 மார்ச்சில் நீதிபதி வர்ஜீனியா ஃபிலிப்ஸ், அவர்கள் மீதும் ஆணையைச் செயல்படுத்தத் தடை விதித்தார். தடையாணைக்கே ஒரு தடையாணை! 2020 டிசம்பரில் சமரசம் ஆனது: இனி ஒருவர் மீது ஆணையைச் சுமத்துவதற்கு முன், அவர் நீதிமன்றத்தில் எதிர்த்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஓக்லாண்டு நகரம் 2010இல் வாங்கிய ஆணைகளை 2015இலேயே கைவிட்டிருந்தது.

பிரிட்டன் எடுத்த வேறு வழி

பர்மிங்ஹாம் நகர மன்றம் பொதுத் தொல்லைச் சட்டத்தை வைத்து இதையே முயன்றபோது, 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. அதனால் நாடாளுமன்றம் 2009இல் தனிச்சட்டமே இயற்றியது. அங்கே ஆணை தனி ஆள் மீது மட்டும்தான், கும்பல் மீது அல்ல. அவர் கும்பல் வன்முறையில் ஈடுபட்டார், அல்லது தூண்டினார், அல்லது துணைபோனார் என்று காட்ட வேண்டும். பின்னர் போதைப்பொருள் விற்பனையும் சேர்க்கப்பட்டது. காலம் அதிகபட்சம் 2 ஆண்டு. இன்னதைச் செய்யாதே என்பதோடு, வழிகாட்டியைப் போய்ப் பார், பயிற்சிக்குப் போ என்று 'செய்' வகை நிபந்தனைகளும் போடலாம். நிரூபிக்கும் அளவு மட்டும் கலிபோர்னியாவைவிடத் தாழ்ந்தது, சாதாரண சிவில் அளவே போதும். அது சரிதான் என்று 2023இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

தாள் கையில் வந்தால் எதைப் பார்ப்பது

கலிபோர்னியாவில் வாழும் ஒரு குடும்பத்துப் பையனிடம் இப்படி ஒரு கட்டு வந்து சேர்ந்தால், நிபந்தனைகளைப் படிப்பதற்கு முன் முதல் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அது மனுவா, ஆணையா? மனு என்றால் வழக்கு இன்னும் திறந்திருக்கிறது, பதில் தாக்கல் செய்யக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தவறவிட்டால்தான் எக்ஸ்பார்ட்டி. ஆணை என்றால், பையனின் பெயர் அச்சாகியிருக்கிறதா, கும்பலின் பெயரும் 'டோ'க்களும் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் இல்லை என்றால், எந்த நாளில் எந்த விசாரணையில் அவரைக் கும்பல்காரர் என்று தீர்மானித்தார்கள் என்பதுதான் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விசாரணை இல்லையே, அப்படியானால் செல்லாது என்று தானாக முடிவு செய்து ஆணையை மீறக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் படிவம் அந்த நகர வழக்கறிஞர் அலுவலகத்தில் உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வரைபடம். எல்லைக் கோடு பெரும்பாலும் ஏதாவது ஒரு தெருவின் மேலேயே ஓடும். அந்தத் தெருவின் இரண்டு நடைபாதைகளும் வலயத்துக்குள்ளா, ஒரு பக்கம் மட்டுமா என்று ஆணையின் வாசகத்தில் விரல் வைத்துப் படியுங்கள். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.